உடும்புக்கு வக்காலத்து

செயற்கைப் பல் செய்கிற அந்தக் கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். சாப்பிட எட்டு நிமிடம் போதும். மிச்சம் இருபத்திரண்டு நிமிடமும் உடும்பைத் திட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது.

உடும்பு என்பது ஓர் ஆட்டக்காரனின் பட்டப்பெயர். கம்ப்யூட்டரில் ஐந்து பேருக்கு ஐந்து பேர் துப்பாக்கியோடு மோதும் ஆட்டம். அதற்கென்று அரங்கம் கட்டி, விளக்குப் போட்டு, பந்தயம் நடத்துகிறார்கள். லட்சக்கணக்கான பேர் போனில் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கலாம் அல்லவா? இருக்க மாட்டார்கள். எவன் சூரன், எவன் சோப்ளாங்கி, எந்த அணி உலகப் பந்தயத்துக்குப் போகும் என்று பேசித் தீர்த்தால்தான் அவர்களுக்குச் சாப்பாடு செரிக்கும். உடும்பு எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் வலது பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டேதான் போவான். பிடித்த சுவரை விடவே மாட்டான். பெயர் அப்படி வந்தது.

"அவன் பயந்தாங்கொள்ளிடா," என்றார் மெருகு. பல்லை மெருகேற்றும் சக்கரத்தின் முன்னால் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவர். புருவம் வரை வெள்ளைத் தூள் படிந்திருக்கும். "போன ஆட்டத்துல நடுவுல வெட்டவெளி. நாலு அடி எடுத்து வச்சா ஜெயிச்சாச்சு. இவன் சுவத்தக் கட்டிக்கிட்டு ஊர்வலம் போறான்."

"அதே ஆட்டத்துல கடைசியா தனியா நின்னு மூணு பேரச் சாய்ச்சது யாரு, உங்க மாமனாரா?" என்றான் சூளை. பல்லைச் சுட்டெடுக்கும் சின்ன அடுப்பு அவன் பொறுப்பு.

"குருட்டு அதிர்ஷ்டம்டா அது."

"வாராவாரம் வர்றதுக்குப் பேரு அதிர்ஷ்டமாண்ணே?"

"எங்கிட்ட கணக்கு இருக்கு. அவனுக்கு வலப்பக்கமா சத்தம் வந்தா ரெண்டு நொடி மரம் மாதிரி நிக்கிறான். தகுதிச் சுற்றுல எதிரணி கறுப்புச் சட்டைக்காரனுங்க அந்த ரெண்டு நொடியில இவன வறுத்துத் தின்னுடுவானுங்க. எழுதி வச்சுக்கோ."

பக்கத்து மேசையில் மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. கூடத்தில் அவளை மெழுகுக்காரி என்பார்கள். பன்னிரண்டு வருட வேலை. யாருடைய வாய்க்கும் பொருந்துகிற பல்லைச் செதுக்கிவிடுவாள், தன் வாயை மட்டும் திறக்க மாட்டாள் என்று பெயர் வாங்கியவள். அந்த உடும்பு அவளுடைய கூடப்பிறந்த தம்பி என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. படிப்பைப் பாதியில் விட்டவன் என்ன செய்கிறான் என்று கேட்டபோதெல்லாம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி வைத்தாள். பொய்யும் இல்லை. திரையில் ஆடும்போது அவன் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டிருப்பான். முகம் பார்த்து அடையாளம் சொல்லவும் வழியில்லை.

ஆனால் வாயில்லாப் பூச்சி என்று அவளை எடைபோட்டால் ஏமாந்தோம். ரசிகர் குழு ஒன்று போனில் இருந்தது, நாற்பதாயிரம் பேர். அதில் 'ஒற்றைப்பல்' என்ற பெயரில் உடும்புக்கு வக்காலத்து வாங்கி எழுதுவது இவள்தான். எதிரே புள்ளிவிவரமும் பட்டியலுமாகக் கொண்டுவந்து கொட்டும் 'தராசு' வேறு யாருமில்லை, அடுத்த மேசை மெருகுதான். இது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பகலில் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய் முகம் கழுவி, டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து அவரைக் கிழி கிழி என்று கிழிப்பாள். மறுநாள் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வருவார். "யாருடா அந்த ஒற்றைப்பல், கையில கெடச்சான்னா மிச்சமிருக்கிற பல்லையும் புடுங்கிடுவேன்" என்பார். அவள் மெழுகைச் சூடாக்குவாள். அந்தச் சந்தோஷம் அவளுக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை, சொல்லப்போனால்.

மெருகு சொன்ன கணக்கு சரியானது என்பதுதான் அவளைக் குடைந்தது. மூன்று வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் தம்பியின் வலது காது போய்விட்டது. பாதி அல்ல, முழுசாக. இந்த ஆட்டத்தில் காதுதான் பாதிக் கண். எதிரியின் காலடிச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டே திரும்ப வேண்டும். ஒற்றைக் காதுக்காரனுக்குச் சத்தம் கேட்கும், திசை தெரியாது. அதனால் வலது பக்கம் சுவரை வைத்துக்கொண்டான். சுவருக்குள்ளிருந்து யாரும் வர முடியாது அல்லவா? பயந்தவன் செய்கிற வேலையா அது? கேட்காத பக்கத்தைச் சுவரால் அடைத்துவிட்டு, கேட்கிற பக்கத்தை வைத்துக்கொண்டு நாட்டின் முதல் பத்து பேரில் ஒருவனாக வந்தவன் அவன்.

இது அணி நிர்வாகிக்குத் தெரிந்தால் அன்றைக்கே பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அக்கா. இன்னொன்று பஞ்சு, தம்பியோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் சக ஆட்டக்காரன், தலைமுடிக்காக அந்தப் பெயர். காது டாக்டரிடம் கூடவே போனவன் அவன். ஆட்டத்தில் மற்றவர்கள் சொல்வதற்கு முந்தியே "வலது, வலது" என்று முணுமுணுத்து, மூன்று வருடமாகத் தம்பிக்கு இன்னொரு காதாக இருப்பவனும் அவன்.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்துக்கு நான்கு நாள் இருந்தது. ஜெயித்தால் உலகப் பந்தயம், அதோடு இரண்டு வருட ஒப்பந்தம். அன்று சாயங்காலம் தராசு ஒரு பட்டியல் போட்டார். உடும்பு அசையாமல் நின்று செத்த இடங்கள், இருபத்தேழு, படத்தோடு. கீழே ஒரு வரி: "இவனுக்குக் கை நடுங்குவது இங்கேயே கேட்கிறது. தேசத்தின் மானத்தைக் காப்பாற்ற இந்தக் கோழையை உட்கார வையுங்கள்." ஐந்நூறு பேர் சிரித்திருந்தார்கள். ஒருவன் பாவாடை கட்டிய உடும்பின் படம் வரைந்து போட்டிருந்தான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. இவளுக்கா தெரியாது? தெரிந்தும் மூடப் பார்த்தாள். முதலில் பழைய வாதங்களை எல்லாம் வைத்தாள், எடுபடவில்லை. அணியின் திட்டமே அது என்றாள், சிரித்தார்கள். டீ ஆறிப்போயிற்று. "பதில் இல்லையென்றால் ஒப்புக்கொள்ளலாமே, ஒற்றைப்பல்லாரே" என்று தராசு எழுதினார். அவ்வளவுதான், நாக்கில் சனி உட்கார்ந்தது. நாக்குக்குப் பதில் விரல் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

"வலது காது சுத்தமாகக் கேட்காதவன் சுவரைப் பிடிக்காமல் வேறு எதைப் பிடிப்பான்? ஒரு காதை வைத்துக்கொண்டு உங்கள் இரண்டு காதுக்காரர்களை ஓட ஓட விரட்டுகிறானே, அவனா கோழை?"

குழு அடங்கியது. முழுசாக ஒரு நிமிடம் ஒருவரும் எழுதவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு மார்பு விம்மியது. தம்பியை இத்தனை பேர் முன்னால் தலைநிமிர வைத்துவிட்டதாகவே நினைத்தாள். அதற்குப் பிறகுதான் தான் எழுதியதைத் தானே ஒருமுறை படித்தாள். அழித்தாள். அழிப்பதற்குள் ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

மறுநாள் மதியம் மெருகு சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. போனை நீட்டினார். அழித்த வரி அதில் படமாக இருந்தது.

"பாரும்மா. அழிச்சுட்டான் பாவி. அதுக்குள்ள நான் படம் புடிச்சுட்டேன்ல."

"யாராவது சும்மா எழுதியிருப்பாங்கண்ணே," என்றாள் அவள். அந்தக் கூடத்தில் இந்த ஆட்டத்தைப் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"சும்மாவா? என் பட்டியலோட ஒட்டிப் பாரு. இருபத்தேழுல இருபத்தஞ்சு வலப்பக்கம். எனக்கே இப்ப ஒரு மாதிரி இருக்கும்மா. காது கேக்காத புள்ளையப் போயி கோழைன்னுட்டேன்." அவர் குரல் உண்மையிலேயே இறங்கியது. "அதான் எல்லா குழுவுலயும் போட்டுட்டேன், மன்னிப்புக் கேட்டு. ஒரு குழு பாக்கி இல்ல. இனிமே எவனும் அவன ஒரு வார்த்த சொல்லக் கூடாது."

நல்ல மனிதர்தான். நல்ல மனம் செய்கிற நாசத்துக்கு எந்தக் குழுவில் போய் மன்னிப்புக் கேட்பது?

கறுப்புச் சட்டைக்காரர்களும் போன் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மதியம் கூடத்தில் வேலை நின்றது. சூளை தன் போனை ஒரு பிளாஸ்டர் தாடையின் மேல் சாய்த்து வைத்தான். எல்லோரும் சுற்றி நின்றார்கள். முதல் சுற்றிலேயே வலப்பக்கச் சுவர்கள் எல்லாவற்றின் மேலும் புகைக்குண்டு விழுந்தது. எந்தச் சுவரையும் பிடிக்க விடவில்லை. உடும்பை வெட்டவெளிக்கு இழுத்துவந்தார்கள். பிறகு நிதானமாக, வலது பக்கமாகவே நடந்து வந்தார்கள்.

ஒருமுறை, இருமுறை அல்ல. பதினாலு முறை. ஒவ்வொரு முறையும் அவன் சத்தம் கேட்டு, நின்று, தப்பான பக்கம் திரும்பினான். ஏழாவது முறை எதிரணிக்காரன் ஒருவன் சுடாமல் அவன் வலது தோளுக்கு அருகிலேயே வந்து நின்று, உட்கார்ந்து எழுந்து வேடிக்கை காட்டிவிட்டுச் சுட்டான். அரங்கம் சிரித்தது. திரையின் மூலையில் தம்பியின் முகம் தெரிந்தது, தொப்பியைக் கழற்றியிருந்தான். அவன் உதடு பஞ்சுவைப் பார்த்து ஏதோ கேட்டது.

"வேணும்னே பண்றானுங்க," என்றார் மெருகு. "எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்."

அவள் கையிலிருந்த மெழுகுப் பல் நசுங்கிப் போயிருந்தது. மூன்று மணி நேர வேலை.

செவ்வாய்க்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தான். நிர்வாகி காதுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார், ஒப்பந்தம் போனது. மறைத்தது குற்றம் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். பையைத் தரையில் போட்டுவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒரே வாரத்தில் முப்பதைத் தாண்டியிருந்தான். அவளுக்கு அழுகை முட்டியது. அழ என்ன உரிமை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டாள்.

"ரெண்டே பேருக்குத்தான்கா தெரியும்," என்றான். "ஒண்ணு நீ. ஒண்ணு அவன்."

அவள் பையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"உன்னச் சந்தேகப்பட்டா எனக்குச் சோறு கெடைக்குமா? அப்ப அவன்தான். அந்தக் குழுவுல ஒற்றைப்பல்னு ஒருத்தன் இருந்தான்கா. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி அவன் எழுதுறத மட்டும் படிச்சுட்டுப் போவேன். யாரோ ஒருத்தனாவது நம்ம பக்கம் இருக்கான்னு ஒரு தெம்பு. அது இந்த பஞ்சுப் பயதான். பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டே எழுதியிருக்கான். நல்லவன் மாதிரி எழுதி எழுதி, சமயம் பாத்துக் கழுத்த அறுத்துட்டான்."

"அவன் என்ன சொல்றான்?"

"இல்லவே இல்லைன்னு அம்மா மேல சத்தியம் பண்றான். நிர்வாகி ஒத்துக்கல. ஆனா எழுத்துல குடுத்தாத்தான் அவன வெளிய அனுப்ப முடியுமாம். எனக்கு நாலு வரி கோர்வையா எழுத வராது. நீ எழுதுக்கா."

சொல்வதற்கு அந்த இடம்தான் இருந்தது. "நான்" என்றால் இரண்டே எழுத்து, "நான்தான்" என்றால் நான்கு. அவளும் வாயைத் திறந்தாள். எதிரே இருந்த முகத்தில் நம்பிக்கை என்று மிச்சமிருந்ததே அவள் மேல் இருந்த அது ஒன்றுதான். அதையும் பிடுங்கினால் இவன் என்ன ஆவான் என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டாள். நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கும். கோழைத்தனம் எப்போதும் நியாயத்தின் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வரும். ஒரு வாரத்துக்கு முன்பு நாற்பதாயிரம் பேரிடம் கோழைக்கு இலக்கணம் கேட்டவள் அவள்.

"சொல்லு, எழுதுறேன்," என்றாள்.

ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டாள். தேதி தேதியாக, காரணம் காரணமாக, ஒன்றுக்கு அடுத்து ஒன்று. இந்த ரகசியம் வேறு யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை என்பதற்கு ஒரு பத்தி. ஒரே அறையில் தங்கியவனுக்கு மட்டுமே தெரியக்கூடிய பழக்கங்கள் ஒற்றைப்பல் எழுத்தில் இருந்தன என்பதற்கு ஒரு பத்தி. அந்தப் பழக்கங்கள் எல்லாம் வாரம் ஒருமுறை போனில் தம்பியே அக்காவிடம் சொன்னவை.

தம்பி படித்துப் பார்த்தான். "சூப்பரா இருக்குக்கா. இதுக்கு அவனால பதிலே சொல்ல முடியாது," என்று சொல்லி அதை நிர்வாகிக்கு அனுப்பினான்.

வியாழக்கிழமை மதியம் அவள் போன் அடித்தது. மெருகும் சூளையும் புதுசாக ஒரு அணியின் கதையை ஆரம்பித்திருந்தார்கள். அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, நான் பஞ்சு பேசுறேன்." பின்னால் பேருந்து நிலையத்தின் இரைச்சல். "என்ன அனுப்பிட்டாங்க. ஊருக்குப் போறேன். அது பரவால்லக்கா. நான் சொல்லலக்கா. அவன் நம்ப மாட்டேங்கிறான், போனையே எடுக்க மாட்டேங்கிறான். நீங்களாவது நம்புறீங்களா?"

வாசலில் உடைந்த பிளாஸ்டர் தாடைகள் ஒரு வாளி நிறையக் கிடந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ சொல்லியிருக்க மாட்டப்பா. எனக்குத் தெரியும்."

மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"போதும்க்கா. நீங்க ஒருத்தராவது நம்புனீங்களே," என்றவன், போனை வைப்பதற்கு முன் நன்றி வேறு சொன்னான்.