டன்லி வாத்துகளின் மேனேஜர்

1

“பலோமாவ எனக்குத் திருப்பிக் குடுங்க சார்.”

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே இசக்கியம்மாளிடம் சொல்லியிருந்தார்கள். மூன்று வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை, செம்பூர் அலுவலகத்தின் நடுவில் நின்றுகொண்டு அதையேதான் கேட்டாள்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சொன்னவள் அவளுடைய பக்கத்து மேசை ருக்சானா. சொன்ன இடம், நெருள் போகும் ரயிலின் பெண்கள் பெட்டி. வாஷியில் நான் இறங்கும்போது பாதிதான் முடிந்திருந்தது. மீதி என் கைச்சரக்கு. எங்கே ஒட்டுப் போட்டேன் என்று தேடாதீர்கள்.

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: “மழை விட்டிருந்த அந்தக் காலையில், இசக்கியம்மாளின் மனத்தில் ஒரு…” மழை எதற்கு? கதையில் ஒருவரும் நனையவில்லை. விட்டுவிட்டேன்.)

2

பலோமா மனிதன் இல்லை. கணினி விளையாட்டு ஒன்றில் வெறும் எண்களால் ஆன இடக்கைப் பந்துவீச்சாளன்.

அந்த அலுவலகத்தின் வேலை, ஒரு பேஸ்பால் கணினி விளையாட்டை ஆடும் அமெரிக்கர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவது. பேஸ்பாலை நேரில் பார்த்தவர் அங்கே ஒருத்தர்கூடக் கிடையாது. பழகிக்கொள்ளட்டும் என்று, மதிய இடைவேளையில் ஊழியர்களையே ஆடவைத்தது நிர்வாகம். இதில் மட்டையை நீங்கள் தொட முடியாது. நீங்கள் மேனேஜர். யார் வீசுவது, யார் உட்காருவது என்று சொல்லிவிட்டு, நகத்தைக் கடித்தபடி எண்கள் மாறுவதைப் பார்க்க வேண்டும்.*

* வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு டிவியைத் திட்டுவீர்களே, அதேதான். இங்கே டிவி கொஞ்சம் காது கொடுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒவ்வொரு மேலணிக்கும் ஒரு கீழணி உண்டு. நிரந்தர ஊழியர்களுக்கு மேலணி, ஒப்பந்தக்காரர்களுக்குக் கீழணி. கீழே ஆளை வளர்ப்பார்கள். வளர்ந்ததும் மேலே இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்தித் தூக்கிக்கொள்வார். சொல்லிவிட்டு எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் ஒரு வழக்கம் உண்டு: கீழணிகளின் இறுதிப் போட்டியில் ஜெயிப்பவருக்கு அடுத்த பருவத்தில் மேலணி தருவார்கள். மேலணி கிடைத்தவருக்கு வேலையும் நிரந்தரமாகாமல் இருந்ததில்லை.

வரும் வெள்ளிக்கிழமை இறுதிப் போட்டி. இசக்கியம்மாளின் கீழணியான டன்லி வாத்துகள் முதல்முறையாக அதில் ஆடப்போகின்றன. பலோமா அவளிடம் வந்தபோது பத்துப் பந்தில் எட்டு எங்கேயோ போகும். இரண்டு பருவம் பொறுத்து, வளர்த்து, எட்டையும் சொன்ன மூலைக்குப் போகவைத்தாள். அரையிறுதி ஜெயித்த மறுநாளே அவனை மேலே இழுத்துக்கொண்டார், வாத்துகளுக்கு மேலணியை நடத்தும் அவளுடைய அதிகாரி ராஜசேகர் சார். இழுத்து என்ன செய்தார்? பெஞ்சில் உட்காரவைத்தார். பதினொரு ஆட்டமாக அவன் ஒரு பந்து வீசவில்லை.

3

ராஜசேகரை எனக்குச் சரியாக எழுத வரவில்லை. முதல் வரைவில் அவருக்கு ஒரு வில்லச் சிரிப்பு கொடுத்தேன், பொருந்தவில்லை. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற குடும்பம். எல்லோருடைய பிறந்தநாளுக்கும் கேக் வாங்குகிறவர். நல்ல மனுஷர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் கதை அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

“இதோ பாரும்மா இசக்கி, கீழ் டீம்லேர்ந்து யாரும் ஆளைத் திருப்பிக் கேட்டதில்ல.”

“அதான் நான் கேக்கேன்.”

“எனக்கு ஒரு பேக்அப் வேண்டாமா?”

“உங்க டீமு கடைசியில கெடக்கு சார். கடைசிக்கு எதுக்கு பேக்அப்பு?”

ருக்சானாவுக்கு இருமல் வந்தது.

“அட, இது வெறும் கேம்தானேம்மா!”

“கேம்தானன்னா குடுத்துரலாம்லா?”

அவர் முகம் அப்போது ஒரு

(வேண்டாம். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அது போதும்.)

4

செவ்வாய்க்கிழமை அவள் வேறு பெயரில், யாரோ ஒரு வாடிக்கையாளர்போல, புகார் எழுதினாள்: “நான் ஒரு கீழணி மேனேஜர். நான் வளர்க்கிறேன், அவர்கள் பிடுங்குகிறார்கள். இதற்கு என்ன வழி?”

புகார் ஏழு கடல் தாண்டி, சுற்றி வந்து, பக்கத்து மேசை ருக்சானாவிடமே விழுந்தது.

“ஏ இசக்கி, உன்னய மாரியே ஒரு பாகல், பைத்தியம், அமெரிக்காவுலயும் இருக்குடி!”

“என்ன பதிலு போடுத?”

“யோசிக்கிறதுக்கா சம்பளம் தர்றாங்க? ரெடிமேட் பதில், பதினேழாம் நம்பர்.”

அனுப்பினாள். இசக்கியம்மாளின் கைப்பேசி மினுங்கியது. ‘கீழணியின் மகிழ்ச்சி வெல்வதில் இல்லை, வளர்ப்பதில் இருக்கிறது. உங்கள் பொறுமைக்கு நன்றி.’

அவள் இரண்டு தடவை படித்தாள்.

“ஏட்டி, அது நாந்தான்.”

“எது? பாகலா, பதிலா?”

“ரெண்டும்.”

உண்மைதான். பதினேழாம் பதிலை இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். எவ்வளவு பக்குவமாக எழுதியிருக்கிறாள் என்று அன்றைக்குக் கைதட்டினார்கள்.*

* இது என் கற்பனையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நம்பும்படி செய்திருப்பேன். வாஷிக்கு முன்னால் கேட்ட பாதியில் இருக்கிறது.

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) பலோமா இல்லாமலே வாத்துகள் ஜெயிக்கின்றன. எழுதினேன். மூன்று பக்கம், ஒரே கைதட்டல். எனக்கே கூச்சமாகிவிட்டது.

ஆ) தோற்கின்றன, அவள் பக்குவம் அடைகிறாள். குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவளைப் பக்குவப்படுத்த ஏற்கெனவே பெரிய வரிசை நிற்கிறது. அதில் நானும் போய் நிற்க வேண்டுமா?

இ) ராஜசேகர் மனம் மாறுகிறார்.

இதை எழுதும்போதுதான் மாட்டிக்கொண்டேன். அவர் நிஜமாகவே மாறிவிட்டார். வியாழக்கிழமை காலை அவள் மேசைக்கே வந்தார்.

“பலோமாவ அனுப்பிடறேன். ஜெயிச்சுக்கோ. ஆனா ஒண்ணு, ஜெயிச்சாலும் மேல் டீம் வேண்டாம்னு நீயே எழுதிக் குடுத்துடு. இன்னும் ஒரு வருஷம் கீழ இரு.”

“ஏன் சார்?”

“நீ சொல்லிக்குடுத்துதானே மூணு பேர் பர்மனென்ட் ஆனாங்க? உன்னைத் தூக்கி மேல வெச்சுட்டா புதுசா வர்றவங்கள யார் தேத்தறது? பாராட்டாத்தான் சொல்றேன்மா.”

பாராட்டாகத்தான் சொன்னார். சத்தியமாக.

இந்த இடத்துக்கென்று அவளுக்கு நீளமான வசனம் ஒன்று எழுதி வைத்திருந்தேன். அவள் வளர்ந்த தாராவி வருகிறது, கல்லூரிக் கட்டணம் வருகிறது, கடைசி வரியில் கண் கலங்கும். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி விசைப்பலகைமேல் வைத்தாள்.

“அவன் உங்ககிட்டயே இருக்கட்டும் சார். நல்லாத்தான் வளத்திருக்கேன். பந்து போட மட்டும் விடுங்க.”

“எங்கம்மா போற?”

“வேலய விட்டுட்டேன் சார்.”

விடுகிறேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். அவளுடைய இழுப்பறை அவர் வருவதற்கு முன்பே காலியாக இருந்தது. எப்போது காலி செய்தாள் என்று ருக்சானாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

“அடியே, நாளைக்கு மேட்ச்சு?” ருக்சானா எழுந்தே விட்டாள்.

“நீ ஆடு. பேட்டிங்குல நாலாவது ஆளா நம்ம மார்ஷல எறக்காத, பயப்படுவான்.”

லிஃப்டுக்கு நிற்பாள், அதற்குள் ஒரு முடிவை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். படியில் இறங்கிவிட்டாள். கீழே ஆட்டோக்களின் சத்தம். எனக்கு இதற்குமேல் வழி தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்.

ஈ) இசக்கியம்மாள் வாசலைத் தாண்டினாள். ஸ்டேஷன் இடதுபக்கம். அவள்