மார்கழிப் பலா

ஆதிநாராயணனுக்கு ஜமுனாமரத்தூரில் ஒரு மண்டி இருந்தது. மலைக்காரர்கள் கொண்டுவரும் சரக்கை வாங்கிப் போளூருக்கு ஏற்றி அனுப்புகிற வியாபாரம். ஆனால் உங்கள் தொழில் என்ன என்று அவரைக் கேட்டால், குறுக்கெழுத்து என்றுதான் சொல்ல ஆசைப்படுவார். யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

தினமும் காலையில் வாட்ஸப் குழுவில் புதிர் வரும். தயாரிப்பவர் சென்னையில் இருக்கும் பிரியதர்ஷினி என்கிற அம்மாள். விடைகளில் ஐந்து மட்டும் ஏதோ ஒன்றால் கோக்கப்பட்டிருக்கும். அதற்கு இழை என்று பெயர். கட்டம் நிரப்புவது யாருக்கும் வரும், இழை பிடிப்பதற்குத்தான் தலையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது ஆதிநாராயணனின் கட்சி. மற்றவர்கள் முடித்ததும் 'அருமை' என்று ஒரு சொல் போட்டுவிட்டுப் போவார்கள். இவர் மட்டும் பாராட்டுரை எழுதுவார். அதில் மலையின் பனி வரும், மண்டி வரும், மாட்டுக்குக் காய்ச்சல் கண்டது வரும், கடைசியில் போனால் போகிறதென்று புதிரும் வரும்.

இப்படி மூன்று வருஷம். அந்த அம்மாளோ எல்லோருக்கும் போடுகிற அதே கும்பிடு பொம்மையைத்தான் இவருக்கும் போட்டார். ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் அவர் கையால் தனக்கு வர வேண்டும் என்று ஆதிநாராயணன் ஏங்கினார். ஐம்பத்தைந்து வயதில் இதை வெளியில் சொல்ல முடியுமா? சொல்லவில்லை. சொல்லாமலேயே மனைவி ரேணுகாதேவிக்குத் தெரியும்.

அந்தப் பங்குனிக் காலையில் சாமை மூட்டையில் சாய்ந்து, கடுக்காய் மூட்டைமேல் காலை நீட்டிக்கொண்டு புதிரைத் திறந்தார். மாதையன் மேல்பட்டிலிருந்து புளி கொண்டுவந்து எடை மிஷின் பக்கத்தில் இறக்கிவிட்டு நின்றார்.

"அண்ணா, எடை போட்டுட்டா நான் பஸ்ஸப் புடிச்சுப் போய்டுவேன்."

"இரு மாதையா, முக்கியமான வேலைல இருக்கேன்."

ஏமாற்றிவிட்டு நழுவுகிறவன் கொடுப்பது, ஐந்தெழுத்து. கடுக்காய். பயத்தில் வயிற்றில் கரைவது, இரண்டு. புளி. அரிசிதான், ஆனால் நெல்லிலிருந்து வராது. சாமை. நயமாகப் பேசுகிறவர் பேச்சில் ஒழுகுவது. தேன். மார்கழியில் பழுத்து மலையையே மணக்க வைப்பது. பலா. கால் மணி நேரத்தில் கட்டம் நிரம்பிவிட்டது. இந்த ஐந்தையும் கோக்கும் இழை என்ன? அவர் மோட்டுவளையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கால் மரத்துப்போனதால் கடுக்காய் மூட்டையைச் சற்றுத் தள்ளிவிட்டு, தேன் டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு மறுபடியும் யோசித்தார். மாதையன் டீ குடிக்கப் போய்விட்டார்.

சித்த மருத்துவம்! கண்டுபிடித்த வேகத்தில் தொடையில் தட்டிக்கொண்டார். எழுத உட்கார்ந்தபோதுதான் வேறொரு யோசனை வந்தது. பாராட்டினால் கும்பிடுதான் வருகிறது. குற்றம் கண்டுபிடித்தால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

'இன்றைய இழை சித்த மருத்துவம்' என்று தொடங்கினார். 'கடுக்காயும் தேனும் மருந்து. சாமை பத்தியக் கஞ்சி. புளியும் பலாவும் பத்தியத்தில் விலக்க வேண்டியவை. ஆனால் அம்மா மன்னிக்க வேண்டும். எந்த மலையில் பலா மார்கழியில் பழுக்கிறது? ஆனியில் பழுக்கும் என்று இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மலை அடிவாரத்தைக்கூட மிதிக்காத ஏதோ ஓர் அரைவேக்காடு எழுதியதை நம்பி ஏமாந்திருக்கிறீர்கள்.'

அரைவேக்காடு என்ற சொல் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அனுப்பிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

பத்து மணிக்குப் பதில் வந்தது. கும்பிடு இல்லை. முழுசாக, வாக்கியம் வாக்கியமாக வந்தது.

'இன்றைய இழை ஜவ்வாது மலை. அங்கே இருக்கும் ஆதிநாராயணன் ஐயாவுக்காகவே செய்தது. மூன்று வருஷமாக அவர் எழுதுவதை ஒரு வரி விடாமல் படித்து எடுத்து வைத்திருக்கிறேன். ஐந்து சொற்களும் அவர் எழுத்திலிருந்து எடுத்தவைதான். பலாவும்.'

கீழே அவருடைய பழைய பாராட்டுரை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. 'மார்கழிப் பனியில் எங்கள் மலையே பலா மணக்கிறது.'

எழுதியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு மணந்தது சாக்கு மூட்டை. அதை எழுதினால் நன்றாக இருக்காதே என்று பலாவாக்கியிருந்தார். இப்போது வயிற்றில் புளி கரைவது எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்தது. சாய்ந்திருந்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து எதன்மேல் சாய்ந்திருந்தாரோ அதைத்தான் ஒரு மணி நேரம் கூரையில் தேடியிருக்கிறார். செய்தியை நீக்கிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனார். அதற்குள் குழுவில் பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையைப் போட்டுவிட்டார்கள்.

காபி கொண்டுவந்த ரேணுகாதேவி அவர் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். "இன்னாங்க ஆச்சு? ஒடம்புக்கு முடியலையா?"

போனை அப்படியே நீட்டினார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள்.

"இந்த அரைவேக்காடு யாருங்க?"

"நாந்தான்."

சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், மறுபடியும் ஒரு வரியைப் படித்தாள். "ஒரு வரி உடாம படிச்சிருக்காங்களே. ஒரே வூட்ல இருக்கிற நானே படிச்சதில்ல."

அதைக் கேட்டதும்தான் ஆதிநாராயணனுக்கு வெட்கத்தைத் தாண்டி வலித்தது. மூன்று வருஷம் ஏங்கியது கிடைத்துவிட்டது. கிடைத்த அன்றைக்கே கொடுத்தவரை ஊர் பார்க்கக் குற்றம் சொல்லியும் வைத்திருக்கிறார். மன்னிப்பாக நீளமாக ஒரு பாராட்டுரை எழுதினார். பனி வந்தது, மண்டி வந்தது. எல்லாவற்றையும் அழித்தார். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: 'பலா ஆனியில்தான் பழுக்கும். மார்கழியில் மணந்தது என் பொய். அரைவேக்காடு நான்தான் அம்மா.'

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். உடனே எடுத்துப் பார்த்தார். டீக்கடையிலிருந்து வந்த மாதையன் புளிக்குப் பக்கத்தில் மறுபடியும் நின்றார்.

பதில் வந்திருந்தது.

'பொய் என்று அன்றைக்கே தெரியும் ஐயா. என் அப்பா பலா வியாபாரி. வாசனை நன்றாக இருந்தது, அதனால் வைத்துக்கொண்டேன்.'

ஆதிநாராயணனுக்குக் கண் கலங்கிவிட்டது. ரேணுகாதேவி அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டிருந்தாள். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாதையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலிலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டினார். அரைவேக்காடு வந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

மாதையன் பொறுமையாகக் கேட்டார். "நல்லாத்தாண்ணா இருக்குது," என்றார். "எடையப் போட்டுட்டு இன்னொருதபா படிங்க."