வாக்கியத்தில் அமைத்து எழுதுக

மூணாறுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் செடிகளின் கிளைகளைக் கவாத்து வெட்டும் ராக்கப்பனின் இடது முழங்கை, 2023 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் மனைவி பூமாரி ஒரு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து ஒரு வாக்கியத்தை எழுதி முடித்தபோது முறிந்தது. அவன் தனியாகக் கட்டிலில் படுத்திருந்தான்.

முதியோர் கல்வியின் ஏழாம் வகுப்பு தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் நடந்தது. செபமாலையம்மாள் டீச்சர் வாரம் பத்துச் சொற்கள் கொடுப்பார். அன்று ஒன்று ‘முறிவு’. ‘கையில் முறிவு ஏற்பட்டது’ என்று பூமாரி எழுதியதை டீச்சர் அடித்தார். “யாரு, எப்ப, எப்படின்னு இல்லாம வார்த்தை மட்டும் இருந்தாப் போதுமா?” பூமாரி திருத்தினாள்: ‘சென்ற தீபாவளியன்று ராக்கப்பன் விறகுக்கட்டையால் அடித்ததில் என் இடது முழங்கையில் முறிவு ஏற்பட்டது.’ ஒன்பது மாதமாக மடங்கியே இருந்த அவள் கை அப்போது நேராக நீண்டது.

‘தழும்பு’, ‘தீக்காயம்’ ஆகியவையும் இப்படியே அவளிடமிருந்து அவனுக்கு இடம் மாறின. பொய் வாக்கியங்களுக்குப் பலன் இல்லை. ‘ராக்கப்பன் மரணமடைந்தான்’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்தாள். அன்று அவன் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

“ஏப்பா, படிக்கிறது அவ, கட்டுப் போட்டுத் திரியிறது நீயா?” என்று கூட வேலை செய்யும் அருண்பாண்டி கேட்டான். ராக்கப்பன் அவள் நோட்டை அடுப்பில் போட்டான். தடுத்தவளை பெல்ட்டால் அடித்தான். அடுத்த ஞாயிறு அந்த வரிகள் அவன் முதுகில் எழுந்தன. அதற்கடுத்த ஞாயிறு கவாத்துக் கத்தியோடு வகுப்புக்கு வந்து, பதினான்கு பெண்களுக்கு முன்னால் அதை அவள் கழுத்தில் வைத்தான்.

“எந்திரி. படிச்சது போதும்.”

“இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருக்கு” என்றாள்.

அந்தச் சொல் ‘கருச்சிதைவு’. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அதைக் கலைந்துபோனது என்பார்கள், தானாகக் கலைந்ததைப் போல. பூமாரி தலை நிமிராமல் எழுதினாள்: ‘2019 மே மாதம் ராக்கப்பன் வயிற்றில் மிதித்ததால் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கருச்சிதைவு ஏற்பட்டது.’

கத்தி விழுந்தது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கால்சட்டை வழியாக ரத்தம் சிமெண்டுத் தரையில் வாசற்படி வரை ஓடியது. ஆறு நாள் நிற்கவில்லை. மருத்துவமனையில் காயம் எதுவும் தென்படவில்லை.

பூமாரி ஏழாம் வகுப்பில் தேறி, முதியோர் கல்வியின் அடுத்த படியான பத்தாம் வகுப்பில் சேர்ந்தாள். லயத்து வீடு அவள் பெயரில் இருந்தது; போக வேறு இடமில்லாமல் அவனும் அங்கேயே இருந்தான். வகுப்பு முடிந்து அவள் வந்ததும் கேட்பான்.

“இன்னைக்கு என்ன வார்த்தை?”

“ஆவியாதல்.”

“அதுல நான் வர்றேனா?”

“இல்ல. குளம்தான் வருது.”

அவன் எழுந்து போய் உலை வைத்தான்.