மகாராணியை அனுப்பிவைத்தோம்

அப்பாவின் உயிலில் தம்பிக்குக் கடை, எனக்கு வீடு, வீட்டோடு கார். வக்கீல் அந்த வரியை வாசித்தபோது தம்பி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்களில் கார் பாலீஷ் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

காருக்கு மகாராணி என்று பெயர் வைத்தது நாங்கள்தான். நீளமான கறுப்பு உடம்பு, சிவப்புத் தோல் இருக்கைகள், மரப்பலகை பதித்த முன்பகுதி. தெருவில் போகிறவர்கள் ஷெட்டின் கம்பிக் கதவருகே நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அப்பா இருந்தவரை சாவியை அவர் தவிர யாரும் தொட்டதில்லை. தம்பி பன்னிரண்டு வயதிலிருந்து கழுவுகிறான். இப்போது அவனுக்கு ஐம்பத்தொன்று.

அப்பா போன பிறகும் அவன் ஞாயிறு தவறாமல் வந்தான். ஏழு மணிக்குக் கேட் சத்தம் கேட்கும். கழுவுவான், துடைப்பான், ஆணியிலிருந்து சாவியை எடுத்து அப்பா செய்ததைப் போலவே இஞ்சினைப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவான். நான் கொடுக்கும் டீயை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். எங்களுக்குள் சண்டை எதுவுமில்லை. பேசத்தான் ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை இரவே நான் டீத்தூள் இருக்கிறதா என்று பார்த்துவைப்பேன். அந்தப் பெரிய வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை என்னைத் தேடி வரும் ஒரே ஆள் அவன்தான். என்னையா தேடி வந்தான் என்பது வேறு விஷயம்.

அப்பா கடைசி எழுபது நாட்கள் ஓர் இல்லத்தில் இருந்தார். மருத்துவர்கள் கைவிட்டவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இடம். ஒரு பைசா வாங்கவில்லை. அவருடைய துணிமணிகளை எடுத்துவரப் போன அன்று, நோயாளிகளை ஏற்றிவரும் அவர்களுடைய வேன் வாசலிலேயே நின்றுபோய், சிஸ்டர்கள் நான்கு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "எங்க காரை எடுத்துக்குங்க. வித்துட்டு நல்ல வேன் ஒண்ணு வாங்குங்க" என்று இல்லத்து மேலாளரிடம் சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில் சொன்னேன். நன்றிதான். ஆனால் நன்றி மட்டும்தானா என்று வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன். எங்களை எல்லாம் விட அப்பா அதிகம் தொட்டுத் தடவியது அந்தக் காரைத்தான். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: கார் போய்விட்டால் தம்பி எதற்கு வருவான்?

அவனிடம் சொல்ல மூன்று வாரம் ஆனது.

"காரை இல்லத்துக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்டா."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "சரி."

"கோவமா?"

"உன் கார். உன் இஷ்டம்."

அந்த 'உன் கார்' இரண்டு நாள் காதிலேயே ஒலித்தது.

அடுத்த ஞாயிறு, விற்பதற்கு முன் பார்த்துவரச் சொல்லி இல்லத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை அனுப்பியிருந்தார்கள். அவர் பானெட்டைத் தூக்கி, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தார். அதன் உள்பக்கம் வெளுத்த பசை போல எதுவோ அப்பியிருந்தது.

"யாரு இதை அடிக்கடி ஸ்டார்ட் பண்ணி நிறுத்தறது?"

"நான்தான்" என்றான் தம்பி. குரலில் பெருமை. "வாரா வாரம் பத்து நிமிஷம். ஒரு வாரம்கூடத் தவறினதில்ல."

"அதான் சார் வியாதி. இஞ்சின் நல்லா சூடேறறதுக்குள்ள நிறுத்திடறீங்க, ஈரம் உள்ளயே தங்கிடுது. தொடாம விட்டிருந்தாக்கூட இவ்வளவு கெட்டிருக்காது."

தம்பியின் முகத்தைப் பார்த்தேன். வீட்டுப்பாடம் முழுவதும் தப்பு என்று கேட்ட பிள்ளையின் முகம். ஒரு நொடி எனக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எழுந்ததை மறைக்க மாட்டேன். என்னை நிமிர்ந்து பாராமல் இந்த இஞ்சினைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாய் என்ற சந்தோஷம். அடுத்த நொடியே கூசிப்போனது.

"எங்கப்பாவும் அப்படித்தான் பண்ணுவார்" என்றேன் அவசரமாக.

"அப்ப பரம்பரை வியாதி" என்றார் மெக்கானிக். "ஆயில் மாத்திடறேன். ஒரு அம்பது கிலோமீட்டர் நிறுத்தாம ஓட்டி, அப்படியே கொண்டுபோய் விட்டுடுங்க. சரியாயிடும். உக்கார வெச்சே கெடுத்துட்டீங்க, பாவம்."

எனக்கு ஓட்டத் தெரியாது. சாவியைத் தம்பியிடம் நீட்டினேன். தினமும் தன் சின்னக் காரை ஓட்டுகிறவன், கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

பழக்கதோஷத்தில் பின்கதவைத் திறந்தேன்.

"முன்னாடி வாக்கா. நான் என்ன உன் டிரைவரா?"

தெருமுனை தாண்டும்வரை நடைவேகம்தான். ஒரு சைக்கிள் எங்களைக் கடந்து போனது.

"சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான்டா."

"மகாராணி ஊர்வலம் வராங்க. அப்படித்தான்."

நெடுஞ்சாலைக்கு வந்ததும் வேகம் எடுத்தான். முணுமுணுத்துக்கொண்டிருந்த இஞ்சின் மெல்லச் சீரானது. காற்றில் அவன் தலைமுடி பறந்தது. எவ்வளவு நரைத்துவிட்டது என்று அப்போதுதான் கவனித்தேன்.

"கல்யாணத்தன்னைக்கு அப்பாகிட்ட இதைக் கேட்டேன்" என்றான் திடீரென்று. "மழை வர மாதிரி இருக்கு, வேணாம்னுட்டார். டாக்ஸியில போனேன்."

"நான் காலேஜ் முதல் நாள் கேட்டேன். டயர் தேயும்னார்."

"எத்தனை கிலோமீட்டர்?"

"ரெண்டு."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. வண்டியை ஓரங்கட்டும் அளவுக்குச் சிரித்தோம். சுற்றி ஓட்டியதில் ஐம்பது கிலோமீட்டர் ஆகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது எதிரே சாலை இரண்டாகப் பிரிந்தது. இடதுபக்கம் இல்லம், வலதுபக்கம் வீட்டுக்கு வழி.

"வேணும்னா நீயே வெச்சுக்கோடா" என்றேன். "அவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

தாராளமாகச் சொன்னதுபோல்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரியும், அது லஞ்சம். கார் ஷெட்டிலேயே இருக்கட்டும், ஞாயிறுதோறும் கேட் சத்தம் கேட்கட்டும். அதற்காக நான்கு சிஸ்டர்கள் வேனைத் தள்ளிக்கொண்டே இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துவிட்டேன்.

அவன் ஸ்டியரிங்கை ஒருமுறை தடவினான்.

"திரும்பக் கொண்டுபோனா நான் மறுபடியும் கழுவிட்டுதான்க்கா இருப்பேன். என்னைத் தெரியும் எனக்கு. அவங்களுக்கு வேன் வேணும்." இடதுபக்கம் திருப்பினான்.

இல்லத்தில் காவலாளி காரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார், அங்க நிறுத்தாதீங்க, பேஷண்ட் வர வழி" என்று விரட்டினார். மகாராணியை அப்படி யாரும் விரட்டி நான் பார்த்ததில்லை. தம்பி பணிவாக ஒதுக்கி நிறுத்தினான். பின்கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும் என்று மேலாளருக்குக் காட்டிக்கொடுத்தான். கண்ணாடிகளை ஏற்றினான். காகிதங்களில் நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை வெளியிலேயே நின்றான்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். நல்ல வெயில். இப்போது கேட்காவிட்டால் எப்போதுமே கேட்க மாட்டேன் என்று தோன்றியது.

"கார் இல்லன்னா நீ இனிமே வரமாட்டியோன்னு பயமா இருக்குடா."

அவன் நின்றான். "கார் இருக்கறதாலதான் நீ கதவைத் திறக்கறேன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்."

"எருமை" என்றேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "வீட்டுக்கு வா, சாப்பிட்டுப் போகலாம்" என்றேன்.

"என்ன சமைச்சிருக்கே?"

"இனிமேதான்."

அவன் ஃபோனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான். "நான் சாப்பிட வரல. அக்கா வீட்டுல சாப்பிடறேன்." அந்தப் பக்கம் அவள் பதறிப்போய் ஏதோ கேட்பது எனக்கே கேட்டது.

"இல்ல இல்ல, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றான். "பேசிட்டிருக்கோம்."