முக்கால் மணி நேரம்

வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போன ஆறாம் நாள் காலையில் பெரியக்கா கதவைத் தட்டியபோது, டெய்லரம்மா வாயிலிருந்த சோற்றை அவசரமாக விழுங்கினாள். தட்டைத் தையல் மெஷினுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, புடவைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டு போய்த்தான் கதவைத் திறந்தாள். அதுவும் முக்கால்வாசிதான் திறந்தாள்.

பெரியக்கா எதிர்வீட்டுத் தபால்காரரின் அக்கா. தம்பிக்குச் சமைத்துப் போட வந்தவள், கட்டடத்துக்கே அக்காவாகிவிட்டாள். வாய் கொஞ்சம் நீளம். மாடிப்படியில் யார் தடுக்கி விழுந்தாலும் முதலில் சிரிப்பவளும் அவள்தான், முதலில் ஓடிவந்து தூக்குபவளும் அவள்தான். கை நிறைய அகலமான பச்சை இலைகளோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன டெய்லரம்மா, இப்பெல்லாம் கதவைக்கூட அளவெடுத்துத்தான் திறக்கறே?"

டெய்லரம்மா சிரித்து வைத்தாள். ஆறு நாளாக அவள் பேச்சை விடச் சிரிப்பையே நம்பிக்கொண்டிருந்தாள். லாரி ஓட்டும் கணவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். தெருமுனைக் கடையில் மெழுகுவத்தியும் ஷூ பாலிஷும் தவிர ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் அவளுடைய வெட்டுமேஜைக்குக் கீழே, தரைவரை தொங்கும் பழைய திரைத்துணிக்குப் பின்னால், இரண்டு சிப்பம் அரிசியும் பருப்பும் எண்ணெயும் ஐந்து டப்பா பால்பவுடரும் இருந்தன. சீல் உடைக்காத ஒரு கேஸ் சிலிண்டரும் இருந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில் அவள் இப்படி இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தாள். நான்காம் நாள் டப்பாக்கள் காலியாக, கைக்குழந்தைக்கு இரண்டு நாள் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள். குழந்தை அழுவதை நிறுத்திவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வைதான் அவளை மாற்றியது. அதன்பிறகு ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் வாங்கி அடுக்கினாள், வண்டு பார்த்தாள், டப்பாவில் தேதி எழுதி ஒட்டினாள். மகள் இப்போது வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பயம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. விசில் சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று குக்கரை விட்டுவிட்டு, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு பாத்திரத்தில் வடித்தாள். தன் வீட்டிலேயே திருடியைப் போல நடமாடினாள்.

கொடுக்க வேண்டிய தபால் இல்லாததால் தபால்காரர் தினமும் விடிந்ததும் வெறும் பையை மாட்டிக்கொண்டு கால்வாய்க் கரைக்கும் ரயில் பாதை ஓரத்துக்கும் போய்வந்தார். பை நிறையத் தரைக்கீரை, குப்பைக்கீரை. நான்கு வீட்டுக்குப் பங்கு வைப்பார். "அண்ணனும் ஊர்ல இல்ல, நீங்க தனியா இருக்கீங்க அண்ணி" என்று அவளுக்கு ஒரு பிடி கூடவே கொடுப்பார். வாங்கும்போது அவள் முகத்தைச் சோர்வாக வைத்துக்கொள்வாள். முதல் நாள் சமைக்கத்தான் நினைத்தாள். பருப்பு இருக்கும்போது அந்த மண்வாசனை இறங்கவில்லை. துண்டுத்துணி மூட்டைக்குள் திணித்தாள். மறுநாளிலிருந்து யோசிக்கவே இல்லை.

"நல்ல கீரையெல்லாம் ஊரே பறிச்சுத் தீத்துடுச்சாம். இது சேம்பு. சாப்பிடலாமா? உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்றாள் பெரியக்கா.

"சாப்பிடலாம்க்கா. ஆனா நல்லா வேகணும். முக்கால் மணி நேரமாவது அடுப்புல கெடக்கணும். இல்லேன்னா தொண்டையப் புடிச்சிடும்."

"முக்கால் மணி நேரமா! எங்க சிலிண்டர் நேத்துலேர்ந்து மேல்மூச்சு வாங்குது. அஞ்சு நிமிஷம் எரிஞ்சா அதுவே பெரிய விஷயம்."

டெய்லரம்மாவுக்கு இரண்டு எட்டு வைத்தால் திரைத்துணி. எங்கிட்ட ஒண்ணு இருக்கு என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த வார்த்தைகள் நாக்குவரை வந்தன. ஒன்றை வெளியே எடுத்தால் மற்றதெல்லாம் கூடவே வந்துவிடுமே என்று தோன்றியது. "பாத்து செய்ங்கக்கா" என்றாள். பெரியக்கா நான்கு இலையை அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

மதியம் கதவு உடைகிற மாதிரி தட்டும் சத்தம். தபால்காரர். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"அண்ணி, காலைல குடுத்த சேம்பைத் தின்னுட்டீங்களா? தொடாதீங்க! அக்காவுக்கு நாக்கு, தொண்டையெல்லாம் வீங்கிடுச்சு. எனக்குப் போடறதுக்கு முன்னாடி ருசி பாக்கறேன்னு ஒரு கரண்டி வாயில போட்டுச்சு. மூச்சு இழுக்குது."

அக்காவை அப்படியே விட்டுவிட்டு அவர் முதலில் இங்கேதான் ஓடிவந்திருக்கிறார் என்பது அவளுக்கு உறைக்க ஒரு கணம் ஆனது.

"நான் சாப்பிடலை" என்றாள்.

"நல்லவேளை. ரோட்டுல முழங்கால் தண்ணி, ஆஸ்பத்திரிக்கு எப்படித் தூக்கிட்டுப் போறது? பால் குடுத்தா எரிச்சல் அடங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். பாலுக்கு எங்க போவேன்…"

அவள் அவர் கண்ணெதிரிலேயே திரைத்துணியை விலக்கினாள். மூட்டைகள், டப்பாக்கள், சிலிண்டர் எல்லாம் வரிசையாக, சுத்தமாக இருந்தன. தபால்காரர் பார்த்தார். அவள் நீட்டிய பால்பவுடர் டப்பாவை வாங்கிக்கொண்டு ஓடினார்.

பானைத் தண்ணீரில் கரைத்த பாலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார்கள். முதலில் பாதி வெளியே வழிந்தது. பெரியக்கா டெய்லரம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடி தளர ஒன்றரை மணி நேரமானது. சாயங்காலத்துக்குள் மூச்சு சீரானது. வீக்கம் கொஞ்சம் வடிந்தது. குரல் மட்டும் வரவில்லை.

அதற்குள் டெய்லரம்மா சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து எதிர்வீட்டு அடுப்பில் மாட்டியிருந்தாள். அரிசி மூட்டையைப் பிரித்து வீட்டுக்கு வெளியே நடைவழியில் வைத்தாள். மேல்வீட்டுக்காரர்களும் கீழ்வீட்டுக்காரர்களும் பாத்திரத்தோடு வந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருத்தி "நீ மகராசியா இருக்கணும்" என்றபோது அவளுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. யாராவது நாலு வார்த்தை திட்டினால் தேவலை போலிருந்தது.

கூட்டம் கலைந்ததும் பெரியக்காவின் கட்டிலருகே போய் நின்றாள்.

"காலைல நீங்க கேட்டப்ப… சிலிண்டர் எங்கிட்ட இருந்துச்சுக்கா. அப்பவே இருந்துச்சு."

பெரியக்கா அவளையே பார்த்தாள். அந்த வீங்கிய முகத்தில் கோபமா, வலியா, எதுவென்று பிடிபடவில்லை. மெல்ல எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து, பாலில் பாதியைக் கிண்ணத்தில் ஊற்றி, கட்டிலில் தன் அருகே இருந்த இடத்தைத் தட்டிக் காட்டிவிட்டு, கிண்ணத்தை நீட்டினாள். டெய்லரம்மா உட்காரவும் முடியாமல், கையை நீட்டவும் முடியாமல், அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றாள்.