முப்பத்தேழு அடி

2001ஆம் ஆண்டு தை மாதம் முதல் ஆஞ்சப்பனின் குரல் அவன் வாயிலிருந்து வரவில்லை. அவனுக்கு நேர் மேலே, தரையிலிருந்து முப்பத்தேழு அடி உயரத்தில் கேட்டது. புளியமரத்தில் ஆளை ஏற்றி, பேச்சு கேட்ட கிளையிலிருந்து கயிறு விட்டு அளந்தார்கள். உடம்பில் குறை எதுவும் இல்லை. ஓசூரில் அவன் லேத் ஓட்டிய தொழிற்சாலையில் அவன் சொன்னது எதுவும் சூப்பர்வைசருக்குக் கேட்கவில்லை. கூரைக்கு மேலே போய், தெருவில் டீ குடித்தவர்களுக்குக் கேட்டது. பெங்களூரில் விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தபோது பதிவு அறையில் ஒன்றும் பதியவில்லை. நான்காவது மாடியில் துணி உலர்த்திய பெண்மணி முழுவதையும் கேட்டாள்.

கூத்தில் மட்டும் கிராக்கி இருந்தது. அஞ்செட்டி முதல் தொரப்பள்ளி வரை அசரீரிக்கு அவனைத்தான் அழைத்தார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வானம் பேசியது. அசரீரிக்கு அரிதாரம் கிடையாது. திரைக்குப் பின்னால் பனியனோடு நின்று பேசிவிட்டு வருவான். இதைப் பெருமை என்றவர்கள் எங்கள் குடும்பத்தை அறியாதவர்கள். ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாவில் துரியோதனன் கிரீடம் நான்கு தலைமுறையாக எங்கள் வீட்டுக்கு உரியது. 2003இல் ஆஞ்சப்பனின் தந்தை இறந்தார். மகன் மூன்று ஆண்டு தொடர்ந்து அணியாவிட்டால் உரிமை அடுத்த முறைக்காரனான முனிசாமி வீட்டுக்குப் போய்விடும்.

முதலாண்டு கூத்து வாத்தியார் சின்னராஜ் மறுத்தார். "ராசா இங்க நிப்பான், பேச்சு காக்கா குந்தற எடத்துல கேக்கும். சனம் எதைப் பாக்கும்?" என்றார். அடுத்த ஆண்டு முனிசாமியே ஆஞ்சப்பனிடம், "ஆகாசத்துக்கு எதுக்கு மாமா கிரீடம்? எங்க வைப்பீங்க?" என்று கேட்டான். அந்த இரண்டு ஆண்டும் அவனே அணிந்தான்.

2006இல் ஆஞ்சப்பன் யாரையும் கேட்கவில்லை. நான்கு மணி நேரம் அரிதாரம் பூசி, கிரீடம் கட்டி, பதினெட்டாம் நாள் காலையில் துரியோதனன் வதம் நடக்கும் படுகளத்துக்கு வந்தான். அங்கே துரியோதனனின் பிரம்மாண்டமான மண் உருவம் வழக்கம்போல மல்லாந்து கிடந்தது. அதன் காலடியில் நின்று முதல் வசனத்தைச் சொன்னான். கூட்டம் முழுவதும் அண்ணாந்தது. ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. சின்னராஜ் மத்தளத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். முனிசாமி கிரீடத்துக்குக் கை நீட்டினான்.

ஆண்டுதோறும் அந்த உருவத்தைப் போடும் சென்னம்மா மண் கையோடு எழுந்தாள். "ஏன் வாத்தியாரே, படுத்திருக்கறவன் எந்திரிச்சு நின்னா வாய் எங்க இருக்கும்? அங்கதான இருக்கும்? இதுக்குப் போயி மத்தளத்த நிறுத்தறீங்க."

கயிறு வந்தது. குதிகாலிலிருந்து உதடு வரை முப்பத்தேழு அடி. முனிசாமி இன்னொரு முறை அளக்கச் சொன்னான், அளந்தார்கள். சின்னராஜ் மத்தளத்தைத் தொடரச் சொன்னார்.

கிரீடம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஆஞ்சப்பன் ஆண்டுதோறும் நான்கு மணி நேரம் அரிதாரம் பூசுகிறான். புருவத்தை மூன்று முறை அழித்து எழுதுகிறான். சனம் மேலே பார்க்கிறது.