ஔரிக்காவுக்கு அனுப்பிய புத்தகங்கள்

துண்டு, மெழுகுவர்த்தி, வளைய ரொட்டி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நாவல். லீஜியா சமையலறை மேசையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. தலைநகர் புக்கரெஸ்ட்டிலிருந்து அவளுடைய பல்கலைக்கழகத் துறைத் தலைவர். தானும் மனைவியும் கிளம்பிவிட்டதாகவும், நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கே வந்துவிடுவதாகவும் சொன்னார்.

போனை வைத்துவிட்டுக் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அட்டையில் சட்டைப் பொத்தான் ஒன்றுகூடப் போடாத கப்பல் கேப்டன் ஒருவன், மயங்கிச் சரியும் பெண்ணை ஒற்றைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தான். அடுத்த புத்தகத்தில் ஒரு டாக்டர். அவருக்கும் பொத்தான் பிரச்சினைதான்.

இதையெல்லாம் கேட்டு வைத்தவள் முன்னறையில் சவப்பெட்டிக்குள் கைகளைக் கோத்துக்கொண்டு கிடந்தாள். இறந்தவர் பெயரைச் சொல்லிக் குழிக்கு மேலாக எதைக் கொடுக்கிறார்களோ, அது அவருக்கு அங்கே போய்ச் சேரும் என்பது ஊர் வழக்கம். மற்றவர்கள் தட்டு, போர்வை, கோழி என்று கேட்பார்கள். லீஜியாவின் அம்மா ஔரிக்கா நாவல் கேட்டாள்.

"அங்க போயி சும்மா உக்காந்திருக்க என்னால முடியாதுடி. எம் புத்தகத்தை எல்லாம் பெஞ்சுக்காரிகளுக்குக் குடுத்துடு. அவளுகளும் படிப்பாளுக, எனக்கும் வந்து சேரும்."

குடியிருப்பின் வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. வெயில் தாழ்ந்ததும் ஔரிக்காவும் நான்கைந்து பெண்களும் அதில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தபடி நாவல்களை அலசுவார்கள். ஒருத்தி சொல்லி இன்னொருத்தி வாங்குவாள், படித்ததும் கைமாற்றுவாள். ஒரு நாவல் எப்படி என்பதற்கு அவர்களிடம் தனி அளவு இருந்தது. படித்து முடிக்கும்போது விதைப் பொட்டலம் காலியாகிவிட்டால் புத்தகம் சுமார். கொறிக்க மறந்து விதை கையிலேயே தங்கிவிட்டால் அதுதான் நாவல். ஒரே ஒரு சட்டம்தான்: யாரும் யாருக்கும் முடிவைச் சொல்லக் கூடாது.

லீஜியா பல்கலைக்கழகத்தில் நாவல் பாடம் நடத்துகிறவள். பத்திரிகையில் மதிப்புரை எழுதுகிறவள். இந்த வகைப் புத்தகங்களைப் 'பொத்தான் இலக்கியம்' என்று அவள் எழுதியது தலைநகரத்தில் பலரைச் சிரிக்க வைத்தது. துறைத் தலைவர்தான் அதிகம் சிரித்தவர்.

முன்னறையில் பெண்கள் பிணத்தருகே மெழுகுவர்த்தி மாற்றும் சத்தம் கேட்டது. லீஜியா பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தன் பழைய அறைக்குப் போய், பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அம்மாவுக்கு அவள் அனுப்பிவைத்த நல்ல நாவல்களை எடுத்துவந்தாள். ஒன்றுகூடப் படித்ததாகத் தெரியவில்லை. சிலவற்றில் கடை உறைகூட அப்படியே இருந்தது. அவற்றை வைத்துக் கட்டினாள். கேப்டன்களையும் டாக்டர்களையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கீழே குப்பைத்தொட்டி ஓரம் வைத்துவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஏறிவந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் டான்யூப் பக்கமிருந்து காற்று வீசி மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டே இருந்தது. சவப்பெட்டி இறங்குவதற்கு முன் லீஜியா குழியின் ஒரு பக்கம் நின்றாள். பெஞ்சுக்காரிகள் எதிர்ப்பக்கம் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு பொட்டலத்தையும் குழிக்கு மேலாக நீட்டி, "ஔரிக்காவுக்காக" என்றாள். வாங்கியவர்கள், "கடவுள் அவளை மன்னிக்கட்டும்" என்றார்கள்.

அம்மாவின் அடுத்த வீட்டுக்காரி ஜெனோவியா பொட்டலத்தை வாங்கியதும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற ஃப்ளோரியாவின் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

துறைத் தலைவர் லீஜியாவின் காதருகே குனிந்தார். "உங்க அம்மா இவ்வளவு கனமான புத்தகமெல்லாம் படிப்பாங்களா? சொல்லவே இல்லையே நீங்க!"

"படிப்பாங்க" என்றாள் லீஜியா. சொன்ன மாத்திரத்தில் முகம் சுட்டது. பெட்டி கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் தன் செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்தாள்.

வீட்டில் சாப்பாடு முடிந்தது. முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறியைப் புகழ்ந்துவிட்டுத் துறைத் தலைவரும் மனைவியும் கிளம்பிப் போனார்கள். ஒவ்வொருவராகக் கலைந்து கடைசியில் ஜெனோவியாவும் ஃப்ளோரியாவும் மட்டும் மிஞ்சினார்கள். தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு ஜெனோவியா கை துடைத்துக்கொண்டாள். டிராம் வண்டியில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவள். எதையும் மென்று முழுங்கத் தெரியாது.

"கண்ணு, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. உங்கம்மா புத்தகமெல்லாம் எங்க?"

"அத்தை, அதான் குடுத்தேனே."

"நீ குடுத்தது உன் புத்தகம். அவளோடது எங்க? இதுல ஒண்ணை அவ போன குளிர்காலத்துல எடுத்து, நாலு பக்கம் தாண்டல. 'எம் பொண்ணு அனுப்பினது, தூக்கம் வர்றதுக்கு நல்லா இருக்கு'ன்னு சிரிச்சா."

ஃப்ளோரியா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பாவம்டி அவ. அங்க போயும் இதைத்தான் படிக்கணுமா?"

அவள் கேலிக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டாள். அதுதான் லீஜியாவைக் கூனிக் குறுக வைத்தது. இந்த வழக்கத்தையெல்லாம் நம்புகிறவள் இல்லை அவள். ஆனாலும் அம்மா எங்கோ ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, மடியில் திறக்காத தடிப் புத்தகங்களோடு, பேச்சுத் துணைக்கு யாருமில்லாமல் விழிப்பதை அவளால் பார்க்க முடிந்தது. விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். தொட்டி ஓரத்தில் பெட்டி இல்லை. பழைய பேப்பர்காரன் வந்து போயிருந்தான்.

லீஜியா வெறுங்கையோடு திரும்பினாள். ஜெனோவியா எழுந்து தன் வீட்டுக்குப் போய், செர்ரிப் பழம் ஊறவைத்த மது பாட்டிலோடு வந்தாள்.

"போகட்டும் விடு. இது ஔரிக்காவுக்குச் சேர வேண்டியது. கடைசியா வந்த கேப்டன் நாவலை நானும் அவளும் ஒரே நாள்ல ஆரம்பிச்சோம். கடைசியில அந்தக் கதைப் பொண்ணு கேப்டனைக் கட்டிக்குவான்னு நான் சொன்னேன். 'மாட்டவே மாட்டா, அவளுக்குப் புத்தி இருக்கு'ன்னு உங்கம்மா. ஒரு பாட்டில் பந்தயம். நான் போன வாரமே முடிச்சுட்டேன். வாயைத் தெறக்கக் கூடாதே, பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காத்திருந்தேன்." கோப்பைகளில் ஊற்றினாள். "தோத்தது நான்தான். அவனை நடுக்கடல்ல விட்டுட்டு, கப்பலை வித்து, ஊர்ல பேக்கரி வச்சுட்டா மகராசி! நீதான கடைசியா அவளுக்குப் படிச்சுக் காட்டின? முடிவு வரைக்கும் வந்தாளா?"

லீஜியாவின் கை கோப்பையின் மேல் நின்றது.

அந்தக் கடைசிச் சாயங்காலம். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. லீஜியாதான் படித்தாள். செய்தி வாசிக்கும் குரலில், முத்தம் வருகிற இடங்களை எல்லாம் தாண்டித் தாண்டி. "அங்க என்னமோ விட்டுட்ட" என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். பிறகு மூச்சு வாங்கியது. "முடிவை மட்டும் பாத்துச் சொல்லிடுடி. எனக்கு நேரமில்ல" என்றாள். லீஜியா பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. "வேற என்னம்மா, கல்யாணம்தான். இந்தப் புத்தகமெல்லாம் அப்படித்தான முடியும்" என்றாள். அம்மா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "அப்ப ஜெனோவியா ஜெயிச்சுட்டா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. அது என்ன பேச்சு என்று லீஜியாவும் கேட்கவில்லை.

"வந்தாங்க அத்தை" என்றாள் இப்போது.

"சந்தோசப்பட்டாளா?"

"ம்."

"படாம இருப்பாளா!" ஜெனோவியாவின் முகம் மலர்ந்துவிட்டது. "எப்படிச் சிரிச்சா, சொல்லு. என்னைத் திட்டினாளா?" தன் கோப்பையிலிருந்து ஒரு சொட்டை ஔரிக்காவுக்கென்று தரையில் விட்டாள். "இந்தாடி, உன் பங்கு. நீதான் ஜெயிச்ச."

சிவப்புச் சொட்டு அம்மா தேய்த்துத் தேய்த்து வெளுத்த தரையில் பரவியது. ஜெனோவியா தோற்றதற்கு மனம் நிறைந்து கடன் தீர்க்கிறாள். லீஜியாவோ அதையும் பொய் சொல்லி வாங்கிக்கொள்கிறாள். இப்படி ஒரு வெட்கத்தை அவள் எந்த மேடையிலும் பட்டதில்லை.

"நான் கல்யாணம்னு சொன்னேன் அத்தை. பாக்காமலே சொன்னேன். அம்மா தோத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டுத்தான் போனாங்க."

ஃப்ளோரியா கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஜெனோவியா பாட்டிலின் மூடியை எடுத்துத் திருகி மூடினாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட லீஜியாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பாட்டிலை ஓரமாக நகர்த்திவிட்டு ஜெனோவியா கேட்டாள். "அந்தப் புத்தகமும் போயிடுச்சா?"

போகவில்லை. அது மட்டும் அம்மாவின் படுக்கையில் தலையணைக்கு அடியில் கிடந்தது. லீஜியா எடுத்துவந்தாள். நின்ற பக்கத்தில் அம்மாவின் கொண்டை ஊசி செருகியிருந்தது. ஒரு மெழுகுவர்த்தியையும் சேர்த்து ஜெனோவியாவிடம் நீட்டினாள். "இதையாவது..."

ஜெனோவியா வாங்கவில்லை. "பாதியில நிக்கறதைக் குடுத்தா அங்கயும் பாதிதான் போகும். மொதல்ல முடி."

"நானா?"

"பின்ன யாரு? நீதான விட்ட."

மூவரும் கீழே இறங்கிப் போனார்கள். பெஞ்சில் ஔரிக்காவின் ஓரம் காலியாக இருந்தது. லீஜியா நடுவில் உட்காரப் போனாள். ஃப்ளோரியா அவளைத் தள்ளி அந்த ஓரத்தில் உட்கார வைத்தாள். ஜெனோவியா காகிதப் பொட்டலத்திலிருந்து ஒரு கைப்பிடி விதையை அவள் உள்ளங்கையில் கொட்டினாள்.

கொண்டை ஊசி இருந்த பக்கத்தைத் திறந்து, இரண்டு பக்கம் பின்னால் தள்ளி, தாண்டிப் போன முதல் முத்தத்திலிருந்து லீஜியா ஆரம்பித்தாள். குரல் எழும்பவில்லை. பால் வாங்கப் போன பக்கத்துக் கட்டடத்துக்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"சத்தமா" என்றாள் ஃப்ளோரியா.

லீஜியா சத்தமாகப் படித்தாள். கேப்டன் கெஞ்சினான், மிரட்டினான், மண்டியிட்டான். கப்பல் விலை போனது. பேக்கரியில் முதல் நாள் அடுப்பு மூட்டினார்கள். வெயில் பெஞ்சை விட்டுச் சுவரில் ஏறியது. கடைசி வரியைப் படித்து லீஜியா புத்தகத்தை மூடினாள். ஜெனோவியா மெல்ல அவளுடைய இடது கையைப் பிடித்து விரல்களைப் பிரித்துப் பார்த்தாள்.

விதை அப்படியே இருந்தது.